பட்டுவாடா ஆகிவிட்டதாம்

தாராபுரம்,
தை மாதம்.

அன்புள்ள பங்காளிக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். பட்டிப் பொங்கல் வழக்கம்போல் நடந்தது. சுண்ணாம்பு அண்ணன் இந்த வருடமும் காளையை அவிழ்த்துவிட்டுத் தாம் முன்னால் ஓடினார். உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் அன்பைச் சொல்.

கனடாவில் வீட்டுக்கு வந்து தபால் கொடுப்பதை நிறுத்தப் போகிறார்கள் என்றும், இனித் தெருமுனைப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், பனியில் வழுக்கி விழுந்து நீ அங்கேயே போய்ச் சேரப் போகிறாய் என்றும் நீ பாடி அனுப்பிய ஒப்பாரியைச் செல்பேசியில் கேட்டேன். அருகில் இருந்த என் வீட்டுக்காரி, "இந்த மனுஷனுக்கு அங்கே யார் கடிதம் போடுகிறார்கள்?" என்று கேட்டாள். பதில் தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள். உண்மையில் எனக்கும் தபாலைப் பற்றிச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதைச் செல்பேசியில் தட்டி முடிக்க என் கட்டை விரலுக்குத் தெம்பில்லை.

முதலில் உன் வழக்கை முடித்துவிடுகிறேன். உன் நாட்டு அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன் ஆண்டுக்கு 550 கோடிக் கடிதங்களைச் சுமந்தவர்கள் இன்று 200 கோடிதான் சுமக்கிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் நட்டம் என்று 2025 செப்டம்பரில் அவர்களே கணக்குச் சொல்லிவிட்டுத்தான், வீட்டு வாசலில் பட்டுவாடா நடக்கும் மிச்சமிருந்த 40 லட்சம் முகவரிகளையும் பெட்டிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். உன் தெரு அந்த 40 லட்சத்தில் ஒன்று. அதாவது, உன் நாட்டில் நான்கில் மூன்று பங்கு வீடுகளுக்கு இல்லாத சொகுசு உனக்கு இத்தனை நாள் இருந்திருக்கிறது. அதை ஒரு வார்த்தைகூட நீ எங்களிடம் சொன்னதில்லை. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய அரசுத் தபால், 2025 டிசம்பர் 30ஆம் தேதி கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடிதப் பட்டுவாடாவையே கைவிட்டது. பிரிட்டனில் இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் 2025 ஜூலை முதல் ஒன்றுவிட்டு ஒரு வேலை நாளில்தான் வருகின்றன. அமெரிக்கர்கள் 2013இல் சனிக்கிழமைக் கடிதப் பட்டுவாடாவை நிறுத்தப் போவதாக அறிவித்து, நாடாளுமன்றம் குறுக்கே நின்றதால் இரண்டே மாதத்தில் பின்வாங்கினார்கள். ஆக, இந்தச் சங்கடம் உனக்கு மட்டும் வந்ததன்று. கடிதமே எழுதாத ஊரில் தினமும் கடிதம் கொண்டுவா என்று கேட்பது நியாயமாகவும் எனக்குப் படவில்லை.

நாம் மட்டும் வாசலில் தபால் வாங்கி வளர்ந்தவர்களா என்ன? நம் பக்கம் ஊருக்குள் வீடு என்று எத்தனை பேருக்கு இருந்தது? ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் ஒரு சாளை வீடு, அங்கிருந்து அடுத்த சாளைக்குக் கூப்பிட்டால் கேட்காத தூரம். கார்டு வந்தால் பால் சொசைட்டியில் கிடக்கும். பால் ஊற்ற வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை படித்த பிறகு உரியவருக்குப் போய்ச் சேரும். சாவுச் சேதி சொல்லும் மூலை கிழித்த கார்டு ஒன்றைத் தவிர மற்ற எதுவும் அன்றன்றே வந்து சேர வேண்டும் என்று யாரும் அடம் பிடித்ததில்லை. உன் பி.யூ.சி. பரீட்சை முடிவு ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு உன் அப்பாவுக்குத் தெரிந்ததையும், அன்று மாலை நீ சோளக் காட்டுக்குள் ஒளிந்திருந்ததையும் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் பேரன் கேட்டால் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

இனி என் சேதிக்கு வருகிறேன்.

நம் கிழக்குக் காட்டுப் பக்கம் வெகுகாலமாகத் தபால் கொடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு உடனே ஆள் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரரே இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாளுக்கு நாலைந்து மணி நேர வேலை என்று எடுக்கப்பட்ட கிராம அஞ்சல் ஊழியர் அவர். அந்த நேரத்துக்குள் இரண்டு ஊர்த் தோட்டங்களையும் சுற்ற எந்த மனிதராலும் ஆகாது. ஆகவே வாரத்தில் சில நாட்கள்தான் வருகிறார். வந்தாலும் மெயின் ரோட்டு டீக்கடையோடு பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்.

அப்படி டீக்கடையில் இறங்கிய தபால்களில் ஒன்று, பணமில்லாமல் திரும்பிய செக்குக்காக ஒரு தீவனக் கடைக்காரரின் வக்கீல் அனுப்பிய செக் கேஸ் நோட்டீஸ். யாருக்கு வந்தது என்ற பெயர் வேண்டாம். நீ அவர்கள் வீட்டில் கருப்பட்டிப் பணியாரம் தின்றிருக்கிறாய். டீக்கடைக்காரர் அதைப் பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று இருந்துவிட்டார். மனிதர் அந்த உறையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தபோது அதன் மேல் டீ கிளாசின் வட்டத் தடம் ஒன்று பதிந்திருந்தது. வக்கீல் முன்னால் உட்காரக்கூட இல்லை. "பணம் கையில் இருக்கிறதுங்க, நேற்றுத்தான் முருங்கைக் காய் போட்ட காசு வந்தது, இப்போதே கட்டிவிடுகிறேன்" என்றார். நான் உறையில் இருந்த எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பட்டுவாடா ஆகிவிட்டது என்று தேதியோடு இருந்தது. தபால் டீக்கடைக்கு வந்த தேதி அது.

அந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் தீவனக் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த 15 நாட்களும் பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் கழிந்துவிட்டன. வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்பவர், கோர்ட்டு சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தீவனக் கடைக்காரரிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கும் வீட்டுக்குக் கோர்ட்டு சம்மன் வந்தால் நம் பக்கத்துச் சம்பந்திகள் என்ன பேசுவார்கள் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, தபால் உறைகளின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். திரும்பி வந்த உறைகளை நாங்கள் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறோம். ஓய்வு பெற்றவரின் கையெழுத்தில் வந்தவற்றைப் பார்க்க வேண்டுமே! "தோட்டத்தில் ஆள் இல்லை, கரூருக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போயுள்ளார்." "வாங்க மறுத்தார், மனைவி சாட்சி." "இப்பெயரில் இருவர் உளர், தகப்பன் பெயர் வேண்டும்." நீல மையில், சாய்ந்த எழுத்தில், தேதியும் சுருக்கொப்பமும் தவறாமல் இருக்கும். இந்த ஒரு வரிக்குக் கோர்ட்டில் என்ன மதிப்பு தெரியுமா? சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், வேறு விதமாக நிரூபிக்காத வரையில் அது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1897ஆம் வருடத்துப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி அனுமானம் செய்துகொள்ள நீதிபதிக்குத் துணிச்சல் தருவது, வெயிலில் வரப்பேறிப் போய் நாய்க்குப் பயந்து படலுக்கு வெளியிலேயே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு மனிதர் எழுதிய அந்த வரிதான். அந்த மனிதரை எடுத்துவிட்டு அனுமானத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 1 முதல் நம் பழைய பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வேகத்தில் மட்டும் இல்லை. பதிவுத் தபாலை யார் பெயருக்கு வந்ததோ அவரிடம் கொடுக்க வேண்டும். விரைவுத் தபாலை அந்த முகவரியில் யார் வாங்கிக்கொண்டாலும் போதும். உரியவரிடமே கொடுக்க வேண்டுமென்றால் ஐந்து ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரிந்த குமாஸ்தா கேட்பான். தன் பங்காளி மேல் நிலத் தகராறு நோட்டீஸ் விடுகிற விவசாயிக்கு இதெல்லாம் யார் சொல்வது? வெளியூருக்கு ஐம்பது கிராமுக்குள் அனுப்புவதற்கே வரி நீங்கலாக 47 ரூபாய் ஆகிறது.

எல்லாம்தான் செல்பேசியில் வந்துவிட்டதே என்று என் மகன் சொல்கிறான். என்ன வந்துவிட்டது? கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது, கருமாதிச் சேதி வந்துவிட்டது, பேரன் தவழுகிற படம் வந்துவிட்டது. அன்பாக வந்துகொண்டிருந்ததெல்லாம் அங்கே போய்விட்டது. மிரட்டிக்கொண்டு வருவது மட்டும் இன்னும் காகிதத்தில்தான் வருகிறது. காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வா என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கே செல்பேசி மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாதபோது, கண் மங்கிய பெரியவரிடம் நீ மட்டும் நம்பிக்கொள் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? தனியார் கூரியர்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டவுனுக்குள் மாடிப்படி ஏறி வந்து கொடுப்பவர்கள், தோட்டம் என்றதும், "பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போனை வைத்துவிடுகிறார்கள்.

முகவரி விஷயத்தில் எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1972 ஆகஸ்டு 15இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு கடிதத்தைப் பட்டுவாடா அலுவலகம் வரைதான் கொண்டுவரும். அதன் கீழே எத்தனை ஊர், எத்தனை தோட்டம் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண். மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டது போன்ற ஏற்பாடு. அந்த வாய்க்கால் அந்தப் பழைய மனிதரின் தலைக்குள் இருந்தது. பள்ளக்காடு என்றால் எந்தப் பள்ளக்காடு, மேற்கா கிழக்கா, அண்ணன் சாளையா தம்பி சாளையா என்பது அவருக்குத் தெரியும். எழுதி வைக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்றை 2025 மே மாதம் கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு. உன் அண்ணன் தோட்டத்தில் நின்று செல்பேசியில் பார்த்தேன். சாளைக்கு ஒன்று, மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, உன் பழைய கட்டில் கிடக்கிற திண்ணைக்குத் தனியாக ஒன்று வந்தது. தோட்டத்து ஜனங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வாய்க்காது என்று நினைக்கிறேன். ஆனால் நோட்டீசிலும் பட்டாவிலும் ரேஷன் கார்டிலும் இது ஏறாத வரையில் பிஸ்கட் பாட்டில்தான் நம் முகவரி.

ஆகவே, குறைப்பவர்களோடு எனக்கு முழுச் சண்டை இல்லை. நம் நாட்டின் 1,64,000க்கு மேற்பட்ட தபால் ஆபீசுகளில் பத்தில் ஒன்பது கிராமத்தில்தான் இருக்கின்றன. இத்தனையையும் தினம் ஓடவிட்டு லாபம் பார் என்று யாரும் சொல்ல முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் வரட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பது காசு கார்டை நிறுத்தினாலும் நான் கொடி பிடிக்க மாட்டேன். நீயும் நானும் கடைசியாக எப்போது கார்டு போட்டோம்? ஆனால் வருகிற அந்த மூன்று நாளில், கெடு வைத்து வருகிற தபால் உரியவர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் போகவில்லை என்று எழுதப்பட வேண்டும். டீக்கடையில் வைத்ததைப் பட்டுவாடா என்று பதிவு செய்யக் கூடாது. உன் ஊர்ப் பெட்டிக்காவது பூட்டும், ஆளுக்கொரு சாவியும் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்திருப்பது பூட்டில்லாத பெட்டி.

இதைப் பற்றி வக்கீல் சங்கத்தில் ஒரு மனு தயார் செய்யச் சொல்லியிருக்கிறேன். செக்கடி மாமா முதல் கையெழுத்துத் தாம்தான் போடுவேன் என்கிறார். போட்டால் மனுவில் வேறு யாருக்கும் இடம் இருக்காது என்பது உனக்குத் தெரியும்.

உன் பாகப்பிரிவினை விஷயம். உன் அண்ணனுக்கு நீ கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை டொராண்டோவில் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அசலாக அனுப்ப வேண்டும். படம் பிடித்து அனுப்பினால் ஆகாது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எனவே தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பாதே, எங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பு. என் செல்பேசி எண்ணையும் உறை மேல் எழுது. விலாசத்தை மட்டும் உன் மகளை விட்டு எழுதச் சொல். உன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே தபால்காரரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்படிக்கு,
உன் குமாஸ்தா பங்காளி