பேன் பார்த்த சுகமும் கைப்பேசியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் ஒரு வாசகர், இக்காலப் பிள்ளைகள் யாரோ கிசுகிசுப்பதையும் சோப்பு சீவுவதையும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள், இது சோம்பேறித்தனம், கொஞ்சம் ஆபாசமும்கூட என்று எழுதியிருந்தார். அவர் வீட்டில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் யாரும் இல்லை போலும். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

என் பேத்திக்குக் கூலிம் நகரில் தொழிற்சாலை வேலை. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு பேக்டரி பஸ் எங்கள் சந்தில் இறக்கிவிடும். குளித்துவிட்டு, ஜன்னலுக்குப் போர்வையை மாட்டி, காதில் இயர்போனோடு படுப்பாள். பக்கத்து வீட்டில் கோழி, எதிர்வீட்டில் மோட்டார் சைக்கிள், மேலே கொதிக்கிற கூரை. "பாட்டி, இது ஏ.எஸ்.எம்.ஆர்., இதைக் கேட்டாத்தான் தூக்கம் வருது" என்பாள். கிசுகிசுப்பு மாதிரி மெல்லிய சத்தத்தில் உடம்பு சுகமாகச் சிலிர்ப்பதற்கு அந்தப் பெயராம்.

ஒரு நாள் என் காதிலும் மாட்டிவிட்டாள். ஒரு பெண் யாருக்கோ தலை வாருகிறாள். சீப்புச் சத்தம் இடது காதில் வந்து, மெல்ல நகர்ந்து வலது காதுக்குப் போகிறது. இரண்டு காதுக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்வார்களாம். கொஞ்ச நேரத்தில் உச்சந்தலையில் எறும்பு ஊர்வதுபோல் ஆரம்பித்து, பிடரி வழியாக முதுகில் இறங்கியது பாருங்கள்... அட, இது எனக்குத் தெரிந்ததுதானே!

ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், வாசப்படியில் அம்மா பேன் பார்க்கும்போது வந்தது இதேதான். விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வருவார். குளித்தாலும் விரலில் பால் வாடை போகாது. மேல்படியில் அவர், கீழ்ப்படியில் நான். முடியைப் பிரித்துப் பிரித்து, ஈர்வாங்கியை இழுத்து, அகப்பட்டதை இரண்டு நகத்துக்கு நடுவில் டக்கென்று நசுக்குவார். பின்னால் வெயிலில் ரப்பர் காய் பட்டுப்பட்டென்று வெடிக்கும். ஐந்தே நிமிடத்தில் என் தலை அவர் முழங்காலில் சாய்ந்துவிடும். பேன் தீர்ந்த பிறகும் "இன்னும் அரிக்குதும்மா" என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சுகத்துக்கு அப்போது பெயர் கிடையாது. 2010இல்தான் ஜெனிஃபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண் ஏ.எஸ்.எம்.ஆர். என்று வைத்தாராம். ஆபாசம் என்று எழுதியவருக்காகப் பேத்தி தேடிப் படித்துக் காட்டினாள். பிரிட்டனில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உணர்வு வருகிற 475 பேரைக் கேட்டிருக்கிறார்கள். மனம் இளைப்பாற என்றவர்கள் 98 விழுக்காடு, தூங்குவதற்கும் என்றவர்கள் 82. காம உணர்வுக்காக என்றவர்கள் 5 விழுக்காடு. 2018இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, இது வருகிறவர்களுக்கு வீடியோ பார்க்கையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 3 குறைந்ததாம்.

எல்லோருக்கும் வராது, அதுவும் உண்மை. என் மகனுக்கு மாட்டிவிட்டோம். "என்னம்மா, எலி சுரண்டுற மாதிரி இருக்கு" என்று கழற்றிப் போட்டான். எனக்கும் வாய் நிறைய அதக்கி மென்று காட்டுகிற வீடியோக்கள் ஆகவே ஆகாது. முதுகில் ஒன்று வைக்கத் தோன்றும்.

தலை வாருவது, காது குடைவது, முகம் துடைப்பது என்று பேத்தி பார்ப்பதில் பாதி, ஒருவர் நம்மை மட்டும் கவனித்து, அவசரமில்லாமல் மெல்லப் பேசிக்கொண்டே செய்கிற காரியங்கள். லயத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அம்மா இல்லாவிட்டால் அத்தை, அத்தை இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பெரியம்மா. அப்புறம் ரப்பர்த் தோட்டம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமானது, லயத்தை உடைத்தார்கள், நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். பேத்தி வீட்டுக்கு வரும்போது அவள் அம்மா வேலைக்குக் கிளம்பியிருப்பாள். எனக்கோ கண்புரை. பிள்ளை கைப்பேசியைத் தேடாமல் என்ன செய்யும்?

போன வாரம் அவளுக்கு ஓய்வு நாள். எண்ணெய் வைத்துவிடுகிறேன் வாடி என்று கூப்பிட்டேன். வந்து காலடியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம்தான், தலை என் முழங்காலில் சாய்ந்துவிட்டது. இயர்போனை மட்டும் கழற்றவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி,
பாடாங் செராய், கெடா, மலேசியா