ஐந்து வருஷ வாரண்டி

குலசேகரம்

அன்புள்ள மக்களே,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய விலைச்சீட்டைப் பார்த்தேன். நாலு டயருக்கும் விலை நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கீழே, "ஐந்து வருஷ வாரண்டிப்பா, அதுவரை கவலையில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பிள்ளை அழுகிறான் என்று பாதியில் வைத்துவிடுவாய்.

டயர் ஐந்து வருஷம் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. தயாரிப்பில் குறை இருந்தால்தான் கம்பெனி பொறுப்பு. ஆணி குத்துவது, குழியில் இடித்துப் பக்கவாட்டில் வெடிப்பது, காற்றுக் குறைவாக ஓட்டி ஓரம் தேய்வது எல்லாம் பொதுவாக அதில் வராது. குறை என்று ஒத்துக்கொண்டாலும் புது டயரைச் சும்மா தரமாட்டார்கள். மிச்சமிருக்கும் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடுபள்ளத்தின் ஆழத்தை அளந்து, பாதி தேய்ந்திருந்தால் பாதி விலையை நம்மிடம் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். வாரண்டிக் கணக்கு வாங்கிய தேதியிலிருந்தா, தயாரித்த தேதியிலிருந்தா என்று கேள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பில்லில் டயரின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கு.

தயாரித்த தேதி டயரிலேயே இருக்கும். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணில் கடைசி நாலு இலக்கம் 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் பார். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். ரப்பர் வெட்டுகிற வீட்டில் வளர்ந்த உனக்குச் சொல்லவா வேண்டும், வெயிலும் காற்றும் பட்டால் சும்மா கிடக்கிற ரப்பரும் இறுகிப்போகும்.

உன் டயரில் 185/65 ஆர்15 88ஹெச் என்று இருக்கிறது. 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, அதாவது 560 கிலோ. ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. மாப்பிள்ளை, "நாம என்ன 210-லயா போறோம்?" என்று கேட்பார். சூட்டைத் தாங்கும் சக்தியும் அந்த எழுத்தில் அடங்கும். கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

சில டயரில் ட்ரெட்வேர் 300, 400 என்று ஒரு எண்ணும், டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். அமெரிக்க முறை அது, நம்மூர் டயர் எல்லாவற்றிலும் இருக்காது. எண் கூடினால் தேய்மானம் குறைவு. ஆனால் சோதித்து எண் போடுவது அந்தந்தக் கம்பெனியே, அதனால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு ஒப்பிட அதை நம்பாதே. டிராக்‌ஷன் என்பது ஈரத்தில் நேராகப் போகும்போது பிரேக் பிடிப்பதற்கான தரம். வளைவுக்கு அது பேசாது.

என்னைக் கேட்டால், நாள்பட உழைப்பதைவிட ஈரத்தில் பிடிப்பதே முக்கியம். ஆரல்வாய்மொழி தாண்டி நம்ம குமரி மாவட்டத்துக்குள் வந்துவிட்டால் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பட்டன் இடுக்கில் சிறு மேடுகள் தெரியும். தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் அதுவரைகூடக் காத்திருக்காதே.

இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடு. முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடைக்காரர் வாதாடுவார். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கால் சமாளிப்பது கஷ்டம் என்று சொல். அலைன்மென்ட்டையும் அன்றே பார்த்துவிடு. அப்புறம், ஸ்டெப்னியின் தேதியைப் படம் எடுத்து அனுப்பு, அதை யாரும் கவனிப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்களா, புதுவருஷத்துக்கா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா