தேன்மொழிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தெற்குத் தெரு வீட்டு விவகாரம் முடிந்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். சில நாட்களாக உன்னிடமிருந்து சீனரைப் பற்றிய அந்தக் காலத்து அமெரிக்கப் படங்கள்தான் வருகின்றன, பேச்சைக் காணோம். அம்மா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சான் பிரான்சிஸ்கோவில் அச்சான ‘வாஸ்ப்’ பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1881இல் கெல்லர் வரைந்தது. நியூயார்க்கில் சுதந்திர தேவி எழும்புவதற்கு முன்பே, உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஒரு சீனரைச் சிலையாக நிறுத்திவிட்டார். கையில் அபின் குழாய், காலடியில் மண்டை ஓடு, எலிகள். தலையைச் சுற்றிய ஒளிக்கதிர்களில் அழுக்கு, நோய், வெள்ளைத் தொழிலாளிக்கு அழிவு என்று எழுத்துகள். லித்தோவில், அதாவது கல் அச்சில், நிறத்துக்கு ஒரு கல். மயிரிழை விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். இதைச் செய்தவன் கைகாரன். அதனால்தான் வயிறு எரிகிறது. இவ்வளவு தொழில் தெரிந்தவர்கள், எந்தப் படத்திலும் அந்த மனிதருக்கென்று ஒரு முகம் கொடுக்கவில்லையே! எல்லாருக்கும் அதே சடை, அதே கண். மலையைக் குடைந்து 1869இல் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதையை முடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். 1882இல் சீனத் தொழிலாளர் வரக்கூடாதென்று சட்டமே வந்தது. அதை நீக்க 1943 ஆயிற்று.

பஸ்ஸில் ஏறினால் டிரைவர் பக்கமாக உட்கார். சித்தி மகன் ஏதோ சொன்னான், நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் சொல்.

இந்தப் படங்களுக்கு விவரக்குறிப்பு எழுத உன்னை நூலகத்தில் எடுத்ததை பிரஸ் முழுக்கச் சொன்னேன். லேபிள் அடித்தவன் மகள் என்று பெருமைதான். ஆனால் அத்தனை படித்தவளுக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லையா? அந்தச் சலவை மருந்து விளம்பரத்தை, 1886இல் அமெரிக்காவின் உருவமான அங்கிள் சாம் சீனரை எட்டி உதைக்கிறாரே, அதை இரவில் பார்த்துக்கொண்டு உட்காராதே. பகலில் பார்த்தது போதும். கேலிச்சித்திரக்காரர் நாஸ்ட் 1871இல் வரைந்ததை மட்டும் எதுவும் எழுதாமல் அனுப்பியிருக்கிறாய். சுவரோரம் குனிந்து உட்கார்ந்திருக்கும் சீனரைக் கும்பலிடமிருந்து மறைத்துக்கொண்டு நிற்கிறாளே, அமெரிக்காவையே பெண்ணாக உருவகித்த கொலம்பியா, அந்தப் படம். அதை ஏன் அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. தனியாக வராதே, டிரைவர் பக்கமே உட்கார். ஞாயிறு காலை நம் நேரத்துக்குப் போன் செய். அம்மா எதுவும் துருவிக் கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வர மனமிருந்தால் டிக்கெட்டுக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா