மூடியில் எழுதியதும் உள்ளே இருந்ததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வாமை தரும் பொருளை உணவுப் பொட்டலத்தில் குறிப்பிடத் தவறியவர்களுக்குச் சிறைத்தண்டனை வேண்டுமா, அபராதமே போதுமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளையை வளர்ப்பவன் என்பதால், கட்டுரையாளரைப் போல 'அனைவரையும் சிறைக்கு அனுப்புங்கள்' என்றுதான் நானும் சொல்வேன் என்று பலர் எண்ணக்கூடும். ஆனால் என் கருத்து அதுவன்று.

லேபிள் பிழை என்பது ஒரே வகைக் குற்றமன்று. ஒரு பண்டத்தின் உறை தவறுதலாக இன்னொரு பண்டத்தின்மீது ஒட்டப்படுவதும், மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக உட்பொருளை மாற்றிவிட்டு லேபிளை மட்டும் பழையபடியே விட்டுவைப்பதும் உண்பவருக்கு ஒரே தீங்கைத்தான் தருகின்றன. செய்தவரின் மனநிலையில் இரண்டும் வெகு தொலைவில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2014 ஜனவரியில் நடந்த மரணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கடன் நெருக்கடியில் இருந்த உணவக உரிமையாளர் ஒருவர், பாதாம் தூளுக்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த மலிவான தூளை வாங்கினார். கொட்டைகள் கூடாது என்று சொல்லி உணவு வாங்கிய வாடிக்கையாளருக்கு, 'கொட்டைகள் இல்லை' என்று மூடியில் எழுதியே அது கொடுக்கப்பட்டது, அவர் இறந்துபோனார். (வேர்க்கடலை தாவர இயல்படி பருப்பினம் என்பதும், சட்டங்கள் அதைத் தனி ஒவ்வாமைப் பொருளாகவே பட்டியலிடுகின்றன என்பதும் உண்மைதான், உயிர் போகும் இடத்தில் அந்த நுட்பம் யாருக்கும் உதவுவதில்லை.) அந்த மரணத்துக்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே அதே உரிமையாளரின் இன்னோர் உணவகத்தில் சாப்பிட்ட இளம்பெண் ஒருவர் பாதிக்கப்பட்டு, அதிகாரிகள் எச்சரித்தும் இருந்தார்கள். 2016இல் நீதிமன்றம் அந்த உரிமையாளருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் ஒரு நாள்கூட மிகையென்று நான் கருதவில்லை.

சிக்கல் அடுத்த வழக்கில் இருக்கிறது. 2016 டிசம்பர் இறுதியில், அதே நாட்டில், 15 வயதுச் சிறுமி ஒருத்திக்காக இணையவழியில் உணவு வரவழைக்கப்பட்டது. இறாலும் கொட்டைகளும் ஆகாது என்ற குறிப்பும் அந்த ஆர்டரிலேயே இருந்தது. அவள் இறந்த பிறகு, உணவகத்தின் மேலாளர், உரிமையாளர் இருவருமே கடுங்கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளருக்கு எதிரான அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆர்டரில் இருந்த குறிப்பு அவருக்குத் தெரிந்திருந்ததாக மெய்ப்பிக்கப்படாத நிலையில், உயிருக்கு ஆபத்து இருப்பதை அவர் முன்கூட்டி உணர்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது என்பதே அதன் காரணம்.

மரணம் விளைவித்தல் என்ற கொடிய குற்றத்தைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். அறியாத ஒருவரை அறிந்தவராகக் கருதித் தண்டிப்பது நீதியன்று. எனினும் அதன் நிழலில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: சமையலறையில் நடப்பதை எவ்வளவு குறைவாக அறிந்துகொள்கிறாரோ, முதலாளி அவ்வளவு பாதுகாப்பாக இருக்கலாம். இந்த இடைவெளியை அடைக்க, மரணம் வரை காத்திராத தனிக் குற்றம் ஒன்று தேவை. எந்தப் பண்டத்தில் எது சேர்கிறது என்ற விவரமும், வாடிக்கையாளர் சொல்லும் ஒவ்வாமையும் சமைப்பவரிடம் தவறாமல் போய்ச்சேர ஏற்பாடு செய்யாமல் தொழில் நடத்துவதே குற்றம் என்று ஆக வேண்டும். தன்னால் இயன்ற எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்ததாக மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துபவர்மீதே இருக்க வேண்டும். பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே அத்தகைய எதிர்வாதத்துக்கு இடம் தருவதால், இது புதுமையான யோசனையும் அல்ல. பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும் கடைப் பணியாளரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு வழக்கை முடிக்கும் பழக்கமும் அப்போது குறையும்.

தண்டனையை லேபிளோடு மட்டும் கட்டிப்போட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் எள் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2021இல் இயற்றிய சட்டத்தால், 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் லேபிளில் குறிப்பிடுவது கட்டாயமானது. எள் கலக்காதபடி இயந்திரங்களைத் தூய்மையாக வைத்திருப்பதைவிட, ரொட்டியில் வேண்டுமென்றே சிறிது எள் மாவைச் சேர்த்து, அதை லேபிளில் முறையாக அச்சிட்டுவிடுவது எளிது என்று சில தயாரிப்பாளர்கள் முடிவு செய்தார்கள். சட்டப்படி அவர்கள்மீது குறையில்லை. எள் ஒவ்வாதவர்கள் அதுவரை உண்டுவந்த ரொட்டிதான் கைவிட்டுப் போயிற்று. 'இருக்கக்கூடும்' என்ற வாசகத்தை எல்லா உறைகளிலும் அச்சிட்டுவிட்டுக் கைகழுவுவதும் இதே ரகம். எச்சரிக்கை எங்கும் இருந்தால், பெற்றோர் எதை நம்பி எதை ஒதுக்குவது?

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, அன்றே அறிவித்து, சரக்கைத் திரும்பப் பெறும் நிறுவனத்தைச் சிறை அச்சத்திலிருந்து சட்டம் வெளிப்படையாக விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழையை முதலில் அறிபவர்களே அதை முதலில் மறைப்பவர்களாகவும் இருப்பார்கள். பிழையை அறிந்த பிறகும் ஒரு நாள் விற்றிருந்தால், அந்த விலக்கு அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்