வண்டி என் பேரில் இருக்கிறது

அன்பு மகன் சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். பின்கட்டுத் தென்னையில் வண்டு விழுந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

போன் பண்ணும்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றாய். சரி. வண்டி என் பேரில் இருக்கிறது, ஆர்.சி.யில் இருப்பது என் போன் நம்பர். இ-செலான் மெசேஜ் எனக்குத்தான் வரும். வந்தது. அதில் உள்ள நம்பரைப் போட்டுப் பார்த்தால் என்ன பிரிவு என்பதும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 185, குடித்துவிட்டு ஓட்டியது. ஓட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. சிநேகிதன் யாருக்காவது கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. ஆனால் போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்வது உரிமையாளர் கடமை, 133ஆவது பிரிவு. தெரியாது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. நான் எந்த ஆபீசில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

முதல் காரியம், வக்கீலைப் பார்க்காமல் கோர்ட்டில் போய் நின்று "ஒத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிடாதே. 185 என்பது ஹெல்மெட் கேஸ் மாதிரி ரோட்டிலேயே பணம் கட்டித் தீர்க்கிற கேஸ் இல்லை. அப்படித் தீர்க்கக்கூடிய பிரிவுகளை 200ஆவது பிரிவில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது, அதில் 185 கிடையாது. மாஜிஸ்திரேட் முன்னால்தான் முடியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இன்னொரு தடவை என்றால் இரண்டு வருஷம் வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

"பத்தாயிரத்தைக் கட்டு, முடிந்தது" என்று உன் ரூமில் உள்ளவர்கள் சொல்வார்கள். முடியாது. ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அடுத்த தடவை அதை வைத்துத்தான் 'இரண்டாவது குற்றம்' என்பார்கள். 185இல் தண்டித்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸ் தகுதிநீக்கம் செய்ய 20ஆவது பிரிவு கோர்ட்டுக்குச் சொல்கிறது. ஒப்புக்கொண்டபின் அப்பீல் போனால் தண்டனை சட்டப்படி சரியா, அளவு அதிகமா என்று மட்டும்தான் கேட்கலாம், குற்றமே செய்யவில்லை என்று கேட்க முடியாது. வெளிநாட்டு வேலைக்கு விசா பாரம் நிரப்பும்போது தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி வரும். ஆன்சைட் போகப்போகிறான் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நானும்தான் சொன்னேன், பேங்கில், ரேஷன் கடையில்.

கோர்ட் ஒரு பக்கம், ஆர்.டி.ஓ. இன்னொரு பக்கம். பிடித்த இடத்திலேயே லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206ஆவது பிரிவில் அதிகாரம் உண்டு. வாங்கியிருந்தால் ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது, நன்றாகப் புரிந்துகொள். தகுதிநீக்கம் ஆனபின் ஓட்டினால் 182, அதற்குத் தனியாக மூன்று மாதம் வரை சிறை அல்லது இன்னொரு 10,000. ஆர்.டி.ஓ. 19ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். நோட்டீஸ் வருவது லைசென்ஸில் உள்ள முகவரிக்கு, அதாவது இந்த வீட்டுக்கு. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது உன் அம்மா. அதற்குள் நீயே அவளிடம் பேசிவிடு. சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் அவள் எப்படி ஆவாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுக்கலாம், நேரில் சொல்லவும் வாய்ப்புக் கேட்கலாம். உத்தரவு பாதகமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல்.

வக்கீல் விஷயம். உன் மாமா பையன் வக்கீல்தான், ஆனால் சிவில். அவனை வழி கேட்க வைத்துக்கொள், வக்காலத்து வேறு ஆளுக்குப் போடு. எந்த கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறதோ, சைதாப்பேட்டையோ எழும்பூரோ, அதே கோர்ட்டில் தினமும் கிரிமினல் பக்கம் நிற்கிறவராகப் பார். வாசலில் "சார், டிரங்க் அண்டு டிரைவ் கேஸா?" என்று தானாக வந்து ஒட்டிக்கொள்கிறவன் வக்கீல் இல்லை, புரோக்கர். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேள், கூச்சப்படாதே. மொத்த ஃபீஸ் எவ்வளவு, எத்தனை வாய்தாவுக்கு, ஆர்.டி.ஓ. பதிலும் சேர்த்தா என்று முதல் நாளே கேட்டு ஒரு காகிதத்தில் வாங்கிக்கொள். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுகிறவரை விட்டுவிடு, வக்கீல்களுக்கு அது விதிப்படி கூடாது. வக்காலத்தில் மட்டும் கையெழுத்துப் போடு, வெள்ளைத்தாளில் போடாதே. கையில் பணம் இல்லாத சிநேகிதன் என்றால் ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள்.

வக்கீலிடம் போகும்போது செலான், ஊதிப் பார்க்கிற மீட்டரிலிருந்து வந்த பிரிண்ட் சீட்டு, ஒப்புகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. அந்தச் சீட்டு தெர்மல் பேப்பர், சட்டைப்பையில் வைத்தால் எழுத்து அழிந்துவிடும், உடனே போட்டோ எடுத்துவை. கேஸின் உயிரே அந்தச் சீட்டில் இருக்கிறது. தேதி, மணி, மீட்டரின் சீரியல் நம்பர், ரீடிங், கையெழுத்து எல்லாம் இருக்கிறதா, செலானில் உள்ள மணியோடு ஒத்துப்போகிறதா என்று வக்கீல் பார்ப்பார். மீட்டர் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்து கேலிபரேட் ஆனது என்று கோர்ட் வழியாகக் கேட்கலாம். மவுத்பீஸ் புதிதாகப் பிரித்துப் போட்டார்களா? குடித்து முடித்த உடனேயோ, மவுத்வாஷ் கொப்பளித்த கையோடோ ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹாலையும் மீட்டர் சேர்த்துக் காட்டும், அதனால்தான் கால் மணி நேரம் விட்டு எடுப்பது முறை. கைது என்று எழுதியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும், 202ஆவது பிரிவு. ரத்தம் எடுத்திருந்தால் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா என்பதுகூடக் கேட்கவேண்டிய கேள்வி. இதையெல்லாம் இன்றைக்கே உட்கார்ந்து, எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதச் சொன்னார்கள், பின்னால் யார் உட்கார்ந்திருந்தான் என்று எழுதிவை. பின்னால் உட்கார்ந்தவனையும் 188இல் உடந்தை என்று சேர்ப்பதுண்டு, அவன் மேலும் கேஸ் இருந்தால் இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். எழுதியதை வக்கீலிடம் மட்டும் கொடு. வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே.

ஊதவே மறுத்திருந்தால் அது தப்பிக்கும் வழி இல்லை, 205இன்படி தக்க காரணமில்லாமல் மறுத்ததையே எதிரான சாட்சியத்துக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ளலாம். வாடை வந்தது, தள்ளாடினான் என்பதை மட்டும் வைத்து, ரத்தப் பரிசோதனை இல்லாமல் குடித்திருந்தான் என்று முடிவு கட்டக் கூடாது என்று 1971இல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் பக்கமும் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. 2021இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில், டெஸ்ட் எடுக்காவிட்டாலும் மற்றச் சூழ்நிலையை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரீடிங் 120, 150 என்று இருந்து சீட்டும் ஒழுங்காக இருந்தால், நல்ல வக்கீலே ஒப்புக்கொள்ளத்தான் சொல்வார். அப்போது அவர் செய்யக்கூடியது, முதல் குற்றம், விபத்து இல்லை, வேலையில் இருக்கிறான் என்று சொல்லி அபராதத்தோடு நிறுத்தப் பார்ப்பது. அது சின்னக் காரியம் இல்லை. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றே 30ஐத் தாண்டவைக்கும். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும், ராத்திரி நிறையக் குடித்தவன் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போதும் மீட்டர் காட்டும். சிநேகிதனிடம் சொல்.

வாய்தாவைத் தவறவிடாதே. சம்மன் வரவில்லை, விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே, குற்றம் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை கேஸைக் கோப்புக்கு எடுக்கலாம். போகாமல் இருந்தால் வாரண்ட். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஆனால் வாரண்ட் வந்தபின் அந்தச் சலுகையான பேச்சு இருக்காது. இ-கோர்ட்ஸ் தளத்தில் உன் பெயரைப் போட்டுத் தேடினால் கேஸுக்கான 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும், வாரம் ஒருமுறை பார். வக்கீலைப் பார். ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பார்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனில் வெயிலில் கிடக்க வேண்டியதில்லை. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டுத் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, வக்கீல் மனுப் போட்டு வாங்கித் தருவார். உரிமையாளர் வர வேண்டும் என்பார்கள். என் சார்பில் வண்டியைப் பெற்றுக்கொள்ள உனக்கு அதிகாரம் கொடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், ஆர்.சி., இன்சூரன்ஸ், என் ஆதார் நகல்களும் உள்ளே இருக்கின்றன. கடிதத்தில் தேதியை மட்டும் விட்டிருக்கிறேன், வக்கீல் சொல்கிற நாளைப் போட்டுக்கொள். கடிதம் போதாது, நேரில்தான் வர வேண்டும் என்றால் முதல் நாள் போன் பண்ணு, பொதிகை ரயிலில் ஏறிவிடுவேன். வண்டியை ஸ்டேஷனிலிருந்து ஓட்டிக்கொண்டு போக லைசென்ஸ் உள்ள வேறு ஒருவனைக் கூட்டிப் போ, நீ ஓட்டாதே.

ஃபீஸ் எவ்வளவு என்று எழுது, அனுப்புகிறேன்.

அப்பா