பழைய பாக்கியைக் கடைசி ஒப்பந்தத்தில் தீர்க்காதீர்கள்

வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2022 மார்ச்சில் நீங்கள் இரு தரப்பும் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மட்டை பிடிக்கும் ஒரு பேட்டருக்கு அவர் நன்றாக ஆடும் வயதிலேயே பணத்தைக் கொடுங்கள்.

ஆல்பர்ட் புஹோல்ஸின் கணக்கைப் பாருங்கள். 2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு வந்தபோது அவருக்குச் சம்பளம் 2 லட்சம் டாலர். லீக்கின் குறைந்தபட்சத் தொகையே அதுதான். அந்தப் பருவத்திலேயே 37 ஹோம் ரன் (மைதான எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) அடித்தார், அடிச் சராசரி 0.329, அதாவது 1000 முயற்சிக்கு 329 ஹிட் (தளத்தை எட்டவைக்கும் அடி) என்ற கணக்கு. 2004-ல் அணி அவரோடு 7 ஆண்டுக்கு 10 கோடி டாலர் என்று பேசி முடித்தது. அங்கே ஆடிய 11 பருவங்களில் 445 ஹோம் ரன், ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது 3, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் கோப்பை 2. இவ்வளவும் முடிந்து 32 வயதைத் தொடப்போகும் நேரத்தில், 2011 டிசம்பரில், ஏஞ்சல்ஸ் அணி 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. 2013-ல் பாத வலியால் 99 ஆட்டங்களோடு பருவம் முடிந்துபோனது. ஏஞ்சல்ஸில் அவருடைய மொத்தச் சராசரி 0.256. கடைசி ஆண்டான 2021-ல், மே மாதமே அணி அவரை விடுவித்துவிட்டது.

இதில் புஹோல்ஸின் குற்றம் என்ன? மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 விநாடியில் பேட்டரிடம் வந்துவிடும். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். வயது ஏற ஏற மட்டையின் வேகம் துளித்துளியாகக் குறைகிறது. அதை ஈடுகட்ட பேட்டர் முன்கூட்டியே சுழற்றத் தொடங்குகிறார். பந்தெறியும் பிட்சருக்கு அது போதும். வேகப்பந்து வருவதுபோலக் காட்டி, சற்று மெதுவாக வந்து வளையும் ஒரு ஸ்லைடரை வெளியே இறக்குவார். பந்து வளைந்து வந்து சேரும்போது மட்டை பாதித் தூரம் போயிருக்கும். கண்ணும் அனுபவமும் அப்படியே இருக்கும், எது அடிக்கும் எல்லைக்குள் வரும் ஸ்ட்ரைக் என்று தெரியும், தவறான பந்துகளை விட்டு வாக் (அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகும் உரிமை) வாங்கவும் தெரியும். ஆனால் அடிக்க வேண்டிய பந்தில் அந்த நொடித்துளி கிடைக்காது. பெரும்பாலான பேட்டர்களின் உச்சம் 30 வயதுக்கு முன்னாலேயே வந்துபோய்விடுகிறது.

மிகேல் கப்ரேரா 2012-ல் அடிச் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம் பிடித்து டிரிபிள் கிரவுன் வென்றார், 45 ஆண்டுகளில் முதல் ஆள். 2014 மார்ச்சில், பழைய ஒப்பந்தம் இன்னும் 2 ஆண்டு மிச்சமிருக்கும்போதே, டெட்ராய்ட் டைகர்ஸ் மேலும் 8 ஆண்டுக்கு 24.8 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. 2016-ல் 38 ஹோம் ரன். அடுத்த ஆண்டே முதுகு வலியோடு 16. கிறிஸ் டேவிஸின் கதை இதைவிடக் கொடுமை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 7 ஆண்டுக்கு 16.1 கோடி கொடுத்த அவர், 2018 கடைசியிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை அடிக்க முயன்று ஒரு ஹிட் கூட எடுக்கவில்லை. சொந்த ஊர்க் கூட்டமே அவரைக் கேலிக் கூச்சலிட்டது. அந்தக் கூச்சல் அவருக்குப் போயிருக்கக் கூடாது. காசோலையில் கையெழுத்துப் போட்டவர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

சரி, பொது மேலாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் ஆடம்பர வரியை, ஒவ்வொரு ஒப்பந்தத் தொகையின் ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் கணக்கிடுகிறீர்கள். ஆண்டுகளை நீட்டினால் சராசரி குறையும். சான் டியாகோ பாட்ரெஸ் 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டு, 28 கோடி கொடுத்ததை வேறெப்படிப் புரிந்துகொள்வது?

40 வயதில் 38 ஹோம் ரன் அடித்த டேவிட் ஓர்டிஸைச் சிலர் காட்டுவார்கள். அவருடைய அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் கடைசிக் காலத்தில் அவரோடு போட்டவை எல்லாமே குறுகிய ஒப்பந்தங்கள். புஹோல்ஸும் 2022-ல் கார்டினல்ஸுக்கே திரும்பி வந்து, 25 லட்சம் டாலர் ஓராண்டு ஒப்பந்தத்தில் 24 ஹோம் ரன் அடித்து, வாழ்நாள் கணக்கில் 700-ஐத் தாண்டினார். தோளில் 24 கோடி பாரம் இல்லாத அந்தக் கிழவரை நாடே கொண்டாடியது.

சிக்கலின் வேர் அந்த 6 ஆண்டு விதி. மேஜர் லீக்கில் ஆறு பருவம் முடிக்காமல், எந்த அணியோடும் பேரம் பேசும் சந்தைக்கு ஒரு வீரர் பொதுவாக வர முடியாது. 19 வயதில் வந்த ஹுவான் சோட்டோவுக்கு 26 வயதில் விடுதலை, 76.5 கோடி டாலர், முன்னால் நல்ல ஆண்டுகள். கல்லூரியில் ஆடிவிட்டு 24 வயதில் வந்த ஆரன் ஜட்ஜுக்கு 30 வயதில்தான் கதவு திறந்தது. 52 ஹோம் ரன் அடித்த 2017-ல் அவர் வாங்கியது குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம். இப்போது 39 வயது வரை அவருக்கு ஆண்டுக்கு 4 கோடி.

உரிமையாளர்களே, அந்த ஆறை நான்காக்குங்கள். பொதுவாக மூன்றாண்டு கழித்து வரும் சம்பளத் தீர்ப்பாய உரிமையை (சம்பளத் தகராறை நடுவர்களிடம் கொண்டுபோகும் உரிமை) இரண்டாண்டில் கொடுங்கள். சங்கத்தாரே, உங்கள் உறுப்பினர்களில் பலர் ஆறு ஆண்டை எட்டுவதே இல்லை. பத்து நட்சத்திரங்களின் நீண்ட ஒப்பந்தங்களைக் காப்பாற்றுவதற்காக இந்த இளைஞர்களை விட்டுக்கொடுக்காதீர்கள். வரிக் கணக்கில் 36 வயதுக்கு மேல் வரும் ஆண்டுகளைச் சராசரியில் சேர்க்காமல் விட்டாலே இந்த நீட்டல் வேலை பாதி நின்றுவிடும். இதையும் பேச்சுவார்த்தை மேசையில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை நேசிக்கும் ஒரு ரசிகர்