அந்தக் கம்பளிக் கோட்டை வாங்கியது நான்தான், அக்கா

அன்புள்ள அக்கா,

ஆடை நிறுவனத்தில் மாதிரி உடுப்புகளைத் தைக்கும் சாம்பிள் ரூம் வேலையை நீ விட்டுவிட்டாய் என்ற செய்தி இரண்டு பேர் வழியாகச் சுற்றிக்கொண்டு சென்ற வாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் இதை எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன். 2018 நவம்பரில், அந்த மாதிரி உடுப்புகளை மலிவாக விற்கும் சாம்பிள் சேலில், அந்தச் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டை யாரோ ஒரு பெண் என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டதாக உன்னிடம் சொன்னேன். அப்படி ஒரு பெண் இல்லவே இல்லை. பணம் கட்டி வாங்கியவள் நான். ஏழு ஆண்டுகளாக அது என் அலமாரியில்தான் தொங்குகிறது.

இதை உனக்குத் தனியாகவும் எழுதியிருக்கலாம். நம் உறவினர் சிலரும் உன்னோடு வேலை பார்த்த சிலரும் இங்கே வந்து படிக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் அவர்களில் பலரிடமும் அந்தப் பெண்ணின் கதையைக் கைகளை வீசி நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆகவே அதைத் திரும்பப் பெறுவதும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரையும் நான் கொடுத்த விலையையும் மட்டும் எழுத மாட்டேன். இரண்டும் உனக்குத் தெரியும்.

கடைசி நாளில் விலை இன்னும் இறங்குமே, அதுவரை பொறுக்கலாமே என்று வரிசையில் நின்றபோது கேட்டேன். கடைசி நாளில் மிஞ்சுவது விற்காமல் தேங்கிய சரக்கும், கடைகள் ஆர்டரை ரத்து செய்ததால் திரும்பி வந்த சரக்கும்தான், உண்மையான சாம்பிள் முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்றாய். கொள்முதல் செய்ய வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரே அளவில் ஒன்றோ இரண்டோ தைக்கப்படும் அந்த உடுப்புகளைப் பருவம் முடிந்ததும் நியூயார்க்கின் ஏழாம் அவென்யூ ஷோரூம்களில் தெரிந்தவர்களுக்கு மலிவாகத் தள்ளிவிட்ட பழக்கம் எப்படி இவ்வளவு பெரிய வியாபாரமாக வளர்ந்தது என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். முன்னால் நின்ற இருவர் திரும்பி உன் பேச்சைக் கவனித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “உன் தோளுக்கு இங்கே எதுவும் சேராது, நீ கைப்பை பக்கம் போய்ப் பார்” என்றாய்.

உள்ளே டிரையல் ரூம் கிடையாது. ஒரே ஒரு கண்ணாடி. அதன் முன்னால் 30 பேராவது, போட்டிருந்த உடுப்பின் மேலேயே மற்றொன்றை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணாடிப் பக்கமே போகவில்லை. வரிசையாகத் தொங்கியவற்றின் நடுவே கையை விட்டு, பார்க்காமலே, காலரைத் தடவியே அந்தக் கோட்டை வெளியே இழுத்தாய். அந்தக் காலரை உன்னை மூன்று முறை பிரித்துத் தைக்க வைத்திருந்தார்கள். உட்புறத்தில் ஏதோ ஒரு மாடலின் முகப்பூச்சு லேசாகக் கறை பட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டியபடி நீ சிரித்ததை இப்போதும் அப்படியே பார்க்க முடிகிறது.

அப்போதுதான் மேற்பார்வையாளர் உன்னைக் கண்டார். விடுப்பு எடுத்து, சொந்தப் பணத்தோடு வாங்க வந்திருந்தவளை, யாரோ ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கக் கூப்பிட்டார். “இதைக் கொஞ்சம் பிடி” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நீ ஏன் போனாய், அக்கா? இன்றைக்கு வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருந்திருக்காது. இப்படிச் சொல்வது நியாயமில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கோட்டை எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையென்றால் தருகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். இது என் அக்காவுடையது என்றேன். சிறிது நேரத்தில் வேறொருவர் கேட்டார், என்னுடையது என்றேன். சொல்லிவிட்ட பிறகு அது பொய்யாகத் தோன்றவில்லை. பில் போட்டு, என் பையோடு சேர்த்து வாசலில் ஒப்படைத்துவிட்டு, நீ வருவதற்குள் அதே இடத்தில் வந்து நின்றேன். எல்லாம் 10 நிமிடத்தில் முடிந்தது. வெளியே வரும்போது கையில் கூடுதலாக இருந்த பையை நீ பார்த்தாய். என்ன வாங்கினாய் என்று கேட்கவில்லை. என்னை நம்பியதால் கேட்கவில்லையா, தெரிந்ததால் கேட்கவில்லையா என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னைத் தின்கிறது.

சாக்குகள் இருந்தன. அந்த ஆண்டு கோடையில்தான் பிரிட்டனின் ஆடம்பர உடுப்பு நிறுவனமான பர்பெர்ரி ஓராண்டில் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை எரித்து அழித்த செய்தி வெளிவந்திருந்தது. நான் வாங்கியிராவிட்டால் இதுவும் ஒருநாள் நெருப்புக்குத்தான் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கையில் பணத்தோடு நீ பக்கத்து அறையில் நின்றபோது எந்த நெருப்பு வந்திருக்கும்? நீ போட்டுப் பழசானவற்றைப் பிடித்துத் தைத்தே என் உடம்புக்குக் கொண்டுவந்த வீட்டில், முதல் முறையாக உனக்கு முன்னால் ஒன்று என் கைக்கு வந்தது. உண்மைக் காரணம் அவ்வளவுதான். அதற்காக வருந்துகிறேன். முழுவதுமாக வருந்துகிறேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

கோட்டு எனக்குச் சேரவில்லை. தோளைப் பற்றி நீ சொன்னது சரி. அதை ஒருநாளும் வெளியே போட்டுப் போனதில்லை. சென்ற மாதம் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோனேன். கீழ் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு லைனிங்கைப் பிரித்துப் பார்த்தவர், உள்ளே விரிக்கத் துணி இல்லை, தோளை மாற்ற முழுக் கோட்டையும் பிரிக்க வேண்டும் என்றார். காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தைத்தவர் யார் என்று கேட்டார். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம் என்று திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு எடுத்து வருகிறேன். பிரித்த இடத்தை அவரைக் கொண்டே மூடச் சொல்லட்டுமா, அப்படியே கொண்டுவரட்டுமா என்பதை மட்டும் சொல்.

உன் தங்கை